விபத்தில் அடிபட்டவருக்கு ரத்தம் ஏன் உறைவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விபத்து கேஸ் வந்தால் எங்கள் ரத்த வங்கி ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். பயிற்சிக்கு வரும் செவிலிய மாணவிகள் கேட்பதும் கிட்டத்தட்ட அதேதான். திரும்பத் திரும்ப வாயால் சொல்வதற்குப் பதில், கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து இங்கே எழுதியிருக்கிறேன். குறிப்பிட்ட ஒரு நோயாளிக்கு என்ன செய்வது என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

1. கை வெட்டுப்பட்டா ரத்தம் தானா உறையுது. பெரிய அடிபட்டவங்களுக்கு மட்டும் ஏன் உறைய மாட்டேங்குது?

சின்னக் காயத்தில், கிழிந்த ரத்தக்குழாயின் வாயில் முதலில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) வந்து ஒட்டும். ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் இழைகளாக மாறி அவற்றின் மேல் வலை பின்னும். காயம் ஆறிய பிறகு அந்த வலையைக் கரைக்க பிளாஸ்மின் என்ற பொருள் வரும். உறைய வைப்பது, கரைப்பது இரண்டும் உடம்பில் எப்போதும் அளவோடு நடந்துகொண்டே இருக்கின்றன.

பெரிய விபத்தில் அந்த அளவு கெட்டுப்போகிறது. ஒரு பக்கம் தசையும் எலும்பும் நசுங்கியிருக்கும். இன்னொரு பக்கம் ரத்தம் இறங்கிவிட்டதால் உறுப்புகளுக்கு ஆக்சிஜன் போதாமல் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் கரைக்கும் வேலை கட்டுமீறிப் போகும். மற்ற எல்லாவற்றுக்கும் முன்பாக ஃபைப்ரினோஜன் தீர்ந்துபோகும். மிச்சமிருக்கும் தட்டணுக்களும் சரியாக ஒட்டாது. ஊசி குத்திய இடத்திலிருந்துகூடக் கசியத் தொடங்கினால் நிலைமை இந்த அளவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

2. டிரிப் ஏத்தினதாலதான் ரத்தம் தண்ணியாப் போச்சுன்னு பெரியப்பா சொல்றாரு. அப்படியா?

பாதி சரி. பல ஆண்டுகள் மருத்துவர்களே அப்படித்தான் நினைத்தார்கள். ஏற்றிய திரவத்தில் ரத்தம் நீர்த்துப்போகிறது, உடம்பு குளிர்கிறது, அமிலம் கூடுகிறது, அதனால் உறையவில்லை என்பது அன்றைய விளக்கம். இவை மூன்றும் உண்மையிலேயே கெடுதல் செய்பவைதான்.

ஆனால் 2003-இல் லண்டனில் கரீம் புரோஹியும் உடன் பணியாற்றியவர்களும் ராயல் லண்டன் மருத்துவமனைக்கு வந்த 1,088 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது, 24.4% பேருக்கு வந்து சேரும்போதே உறைதல் கெட்டிருந்தது. ஏற்றிய திரவத்தின் அளவை வைத்து அதை விளக்க முடியவில்லை. அப்படிக் கெட்டிருந்தவர்களில் 46% பேர் இறந்தார்கள். மற்றவர்களில் இறந்தது 10.9%. பிறகு சான் பிரான்சிஸ்கோவில் செய்த ஆய்வுகள், வேண்டாத இடத்தில் ரத்தம் உறையாமல் காக்கும் ‘புரோட்டீன் சி’ என்ற அமைப்பு, ரத்தம் இறங்கி உறுப்புகளுக்கு ஆக்சிஜன் போதாத அதிர்ச்சி (ஷாக்) நிலையில் அளவுக்கு மீறி முடுக்கிவிடப்படுவதைக் காட்டின. அதாவது கோளாறு விபத்து நடந்த இடத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. டிரிப் அதை மோசமாக்கலாம், ஆனால் ஆரம்பித்து வைப்பது அது இல்லை.

3. சலைன் ஏத்தினா பிரஷர் ஏறுதே. அது நல்லதுதானே?

மானிட்டரில் எண் ஏறுவதைப் பார்க்க நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் சலைன் என்பது ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு போட்ட தண்ணீர். அதில் ஆக்சிஜனைச் சுமக்கும் சிவப்பணு இல்லை, உறைய வைக்கும் புரதமும் இல்லை. அதில் உள்ள குளோரைடு ரத்தத்தில் இருப்பதைவிட ஒன்றரை மடங்கு அதிகம் என்பதால் நிறைய ஏற்றினால் அமிலம் கூடும். கிழிந்த குழாய் இன்னும் திறந்தே இருக்கும்போது அழுத்தம் கூடினால், அப்போதுதான் உட்கார ஆரம்பித்த உறைகட்டி பிய்ந்து வந்துவிடும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. முதல் உலகப் போரில் பிரான்சில் பணியாற்றிய வால்டர் கேனன் 1918-லேயே, அறுவை மருத்துவர் தயாராவதற்கு முன் அழுத்தத்தை ஏற்றினால் மிச்சமிருக்கும் ரத்தமும் போய்விடும் என்று எழுதி வைத்தார். அப்புறம் அதை எல்லோரும் மறந்துபோனார்கள். 1994-இல்தான் ஹூஸ்டன் நகரில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். உடலில் குண்டோ கத்தியோ பாய்ந்து, அழுத்தம் இறங்கிய நிலையில் வந்த 598 பேர். இரட்டைப்படைத் தேதியில் வந்தவர்களுக்கு உடனே திரவம், ஒற்றைப்படைத் தேதியில் வந்தவர்களுக்கு ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும்வரை திரவம் இல்லை. உடனே ஏற்றியவர்களில் 62% பேரும், தள்ளிப்போட்டவர்களில் 70% பேரும் பிழைத்தார்கள்.

4. அப்போ பிபி குறைவாவே இருந்தாலும் விட்டுடலாமா?

விட்டுவிடுவது வேறு, கொஞ்ச நேரம் பொறுத்துக்கொள்வது வேறு. ரத்தம் கொட்டும் இடத்தை அடைக்கும்வரை மேல் அழுத்தம் 80 முதல் 90 வரை இருந்தால் போதும் என்பதே ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்வது. அடைத்த பிறகு வழக்கமான அளவுக்குக் கொண்டுவருவார்கள். ஹூஸ்டன் ஆய்வும் எல்லோருக்கும் பொருந்தாது. அது ஒரு பெருநகரம், மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தது, காயங்கள் எல்லாம் பாய்ந்த காயங்கள். பைக்கிலிருந்து தூக்கி எறியப்பட்டவரின் கதை வேறு.

முக்கியமான விதிவிலக்கு தலைக்காயம். வீங்கிய மூளைக்குள் ரத்தம் போக அழுத்தம் வேண்டும், அதனால் அங்கே பிபி இறங்க விடமாட்டார்கள். தலைக்காயத்தில் ஆல்புமின் என்ற ரத்தப் புரதக் கரைசலை ஏற்றுவதும் ஆகாது. ஆல்புமினையும் சலைனையும் ஒப்பிட்டு 2004-இல் வெளியான ‘சேஃப்’ ஆய்வில் இருந்த தலைக்காயக்காரர்களைப் பின்தொடர்ந்தபோது, ஆல்புமின் பெற்றவர்களே அதிகம் இறந்திருந்தார்கள்.

5. ரோட்டுல அடிபட்டவரைப் பார்த்தா நான் என்ன செய்யணும்?

108-க்கு அழையுங்கள். ரத்தம் வரும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்காதீர்கள், பார்க்கிற ஒவ்வொரு தடவையும் உறைகட்டி பிய்யும். துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொன்றை வையுங்கள். குத்தி நிற்கும் கம்பியைப் பிடுங்காதீர்கள். தண்ணீர், சோடா எதுவும் வாயில் ஊற்ற வேண்டாம். சட்டையோ போர்வையோ போர்த்திவிடுங்கள், காரணம் அடுத்த பதிலில் இருக்கிறது. எத்தனை மணிக்கு அடிபட்டது என்பதை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் சொல்லுங்கள், அதற்குக் காரணம் 8-ஆவது பதிலில் இருக்கிறது.

போலீஸ், கோர்ட் என்று பயப்பட வேண்டியதில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, உதவி செய்பவருக்குப் பாதுகாப்பு தருகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்துக்கான முதல் 48 மணி நேரச் சிகிச்சையை அரசு ஏற்கிறது.

6. காய்ச்சலா? எதுக்கு இத்தனை போர்வை? ஏசியைக்கூட நிறுத்திட்டாங்க.

காய்ச்சல் இல்லை, குளிர்தான் பிரச்சினை. உறைதல் என்பது அடுக்கடுக்காக நடக்கும் வேதிவினை. உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மந்தமாகும், தட்டணுவும் சோர்ந்துவிடும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. லேபில் ரத்தம் உறையும் நேரத்தை 37 டிகிரியில் வைத்துத்தான் பார்க்கிறார்கள். நோயாளி 33-இல் சில்லிட்டுக் கிடந்தாலும் சாம்பிள் சூடாகிவிடும், ரிப்போர்ட் ‘நார்மல்’ என்று வரும். ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன் காலைத் தொட்டுப் பாருங்கள் என்று மாணவிகளிடம் சொல்வது இதனால்தான்.

குளிர், அமிலம், உறையாமை மூன்றையும் சேர்த்துக் ‘கொல்லும் மும்மை’ என்பார்கள். ஒன்று மற்றதை இழுத்துவிடும். இப்போது கால்சியம் குறைவதையும் நான்காவதாகச் சேர்த்திருக்கிறார்கள். பையில் ரத்தம் உறையாமல் இருக்க நாங்கள் கலக்கும் சிட்ரேட், உடம்புக்குள் போனதும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கால்சியம் இல்லாமல் உறைதல் நடக்காது. அதனால்தான் வேகமாகப் பல பைகள் ஏற்றும்போது கால்சியம் ஊசியும் கூடவே போகிறது.

7. டிரானெக்ஸாமிக் அமிலமா? அது மாதவிலக்கு அதிகமானா போடுற மாத்திரையாச்சே?

அதேதான், இங்கே ஊசியாகப் போடுகிறார்கள். ஜப்பானில் ஷோசுகே ஒகமோட்டோ, உடாகோ ஒகமோட்டோ என்ற தம்பதியர் 1962-இல் கண்டறிந்த மருந்து. முதல் பதிலில் சொன்ன பிளாஸ்மின், ஃபைப்ரின் வலையைப் பிடித்துக் கடிக்க ஒரு கொக்கி வேண்டும். இந்த மருந்து அந்தக் கொக்கியில் போய் உட்கார்ந்துகொள்ளும், வலை தப்பிக்கும். புதிதாக ரத்தத்தை உறைய வைக்கும் வேலையை இது செய்வதில்லை.

விபத்தில் இது உதவுமா என்று லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீனைச் சேர்ந்த இயன் ராபர்ட்ஸும் ஹலீமா ஷக்கூரும் நடத்திய ‘க்ராஷ்-2’ ஆய்வு 2010-இல் வெளியானது. 40 நாடுகள், 274 மருத்துவமனைகள், 20,211 நோயாளிகள். அதிகம் பேரைச் சேர்த்த நாடுகளில் இந்தியாவும் ஒன்று. மருந்து பெற்றவர்களில் 14.5% பேர் இறந்தார்கள், பெறாதவர்களில் 16.0%. ஆயிரத்துக்கு 15 உயிர். அதுவும் விலை குறைந்த, காப்புரிமை முடிந்த மருந்தில். அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் விபத்துக்கான அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இதைச் சேர்த்தது. உடாகோ அம்மையாரின் ஆசை பிரசவத்தில் ரத்தப்போக்கால் இறக்கும் பெண்களைக் காப்பது. அதை உறுதி செய்த ‘வுமன்’ ஆய்வு 2017-இல் வந்தது. அவர் அதற்கு முந்தைய ஆண்டுதான் 98 வயதில் காலமாகியிருந்தார்.

8. மூணு மணி நேரம் தாண்டிட்டா போடக்கூடாதுன்னு சொல்றாங்க. லேட்டா போட்டா பலன் குறையும், அவ்வளவுதானே? கெடுதல் எப்படி வரும்?

எல்லோரும் இப்படித்தான் நினைப்பார்கள், ஆனால் கணக்கு வேறு மாதிரி வந்தது. க்ராஷ்-2 தரவுகளை நேரம் வாரியாகப் பிரித்து 2011-இல் பார்த்தார்கள். அடிபட்ட 1 மணி நேரத்துக்குள் போட்டால் ரத்தப்போக்கால் இறப்பு 7.7%-லிருந்து 5.3%-ஆகக் குறைந்தது. 1 முதல் 3 மணி நேரத்துக்குள் போட்டால் 6.1%-லிருந்து 4.8%. 3 மணி நேரத்துக்குப் பிறகு போட்டால் 3.1%-லிருந்து 4.4%-ஆகக் கூடியது! பிறகு வுமன் ஆய்வையும் சேர்த்து 40,138 பேரின் தரவைப் பார்த்ததில், ஒவ்வொரு 15 நிமிடத் தாமதத்துக்கும் பலன் சுமார் 10% குறைவது தெரிந்தது.

அடிபட்ட முதல் மணிகளில்தான் வலை வேகமாகக் கரைகிறது. பிறகு கரைப்பை அடக்கும் பொருட்களை உடம்பே அதிகமாகச் சுரக்கும். அந்த நேரத்தில் இந்த மருந்தையும் போட்டால் ஏற்கெனவே அடங்கியதை மேலும் அடக்குகிறோம். தாமதமாகப் போட்டால் ஏன் தீங்கு என்பதற்கு இதுவும் ஒரு விளக்கம், முடிந்த முடிவு இல்லை. தசையில் போட்டாலும் சில நிமிடங்களிலேயே போதிய அளவு ரத்தத்தில் சேர்கிறது என்று 2021-இல் ஒரு சிறு ஆய்வு காட்டியிருக்கிறது. நரம்பு கிடைக்காமல் ஆம்புலன்ஸில் தடவிக்கொண்டிருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

9. இதனால ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக் வந்துடாதா?

க்ராஷ்-2-இல் கூடவில்லை. ஆனால் அளவை மீறக்கூடாது. அங்கே மொத்தம் 2 கிராம்தான் கொடுத்தார்கள். குடல் ரத்தப்போக்குக்கு 4 கிராம் கொடுத்துப் பார்த்த ‘ஹால்ட்-இட்’ ஆய்வில் (2020) இறப்பு குறையவில்லை, கால் நரம்பிலும் நுரையீரலிலும் ரத்தம் உறைவது 0.4%-லிருந்து 0.8%-ஆகக் கூடியது. ஓரிடத்தில் உதவிய மருந்து எல்லா இடத்திலும் உதவும் என்று கணக்குப் போடக்கூடாது.

10. ரத்தம்தானே போச்சு, ரத்தம் கொடுத்தா போதாதா? பிளாஸ்மா, பிளேட்லெட்னு ஏன் தனித்தனியா கேக்கறாங்க?

நீங்கள் தானம் செய்யும் ரத்தத்தை நாங்கள் பிரித்துவிடுகிறோம். சிவப்பணு குளிர்சாதனப் பெட்டியில் 35 முதல் 42 நாள் தாங்கும். தட்டணு அறை வெப்பத்தில், ஆடிக்கொண்டே இருக்கும் தட்டில் 5 நாள் இருக்கும். பிளாஸ்மா, அதாவது உறைதல் புரதங்கள் உள்ள திரவப் பகுதி, பனிக்கட்டி மாதிரி குளிரில் உறைய வைக்கப்படும். சிவப்பணுப் பையில் அந்த உறைதல் புரதம் அநேகமாக இருக்காது. அதை மட்டும் ஏற்றினால் நிறம் வரும், கசிவு நிற்காது.

2007-இல் பாக்தாத் அமெரிக்க ராணுவ மருத்துவமனையின் 246 பேரைப் பற்றிய அறிக்கை எல்லோரையும் உலுக்கியது. பிளாஸ்மா குறைவாகப் பெற்றவர்களில் 65% பேர் இறந்தார்கள், சிவப்பணுவுக்குக் கிட்டத்தட்டச் சமமாகப் பெற்றவர்களில் 19%. உடனே எல்லா இடத்திலும் ‘ஒன்றுக்கு ஒன்று’ என்று ஆரம்பித்தார்கள். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருக்கிறது, எங்கள் அறைக்கு வந்து பார்த்தால் தெரியும். உறைந்த பிளாஸ்மா பை கண்ணாடி மாதிரி, கை தவறினால் விரிசல் விடும். இன்னொரு உறைக்குள் போட்டு 37 டிகிரி தண்ணீரில் வைத்தால் உருக அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணிக்குள் இறந்தவர் கணக்கில் ‘பிளாஸ்மா பெறாதவர்’ ஆகிவிடுவார். பிளாஸ்மா வாங்கியதால் பிழைத்தாரா, பிழைத்திருந்ததால் பிளாஸ்மா வாங்கினாரா?

அதைத் தீர்க்க வந்ததுதான் ‘ப்ராப்பர்’ ஆய்வு (2015): 12 மருத்துவமனைகள், 680 பேர். பிளாஸ்மா, தட்டணு, சிவப்பணு 1:1:1 ஒரு பிரிவுக்கு, 1:1:2 இன்னொன்றுக்கு. 30 நாளில் இறப்பு 22.4%, 26.1%. வித்தியாசம் உறுதி என்று சொல்லப் போதவில்லை. ஆனால் முதல் நாளில் ரத்தம் வடிந்தே இறந்தவர்கள் 9.2%, 14.6%. இதில் நல்ல வித்தியாசம் இருந்தது. பாக்தாத் எண்களின் பிரம்மாண்டம் போய்விட்டாலும் திசை மாறவில்லை.

11. பிரிச்சு, மறுபடி சேர்த்து ஏத்துறதுக்கு முழு ரத்தத்தையே ஏத்திட்டா என்ன?

நியாயமான கேள்விதான். முதல் உலகப் போரில், 1917-இல், ஆஸ்வால்ட் ராபர்ட்சன் சேமித்து வைத்து ஏற்றியது முழு ரத்தம்தான். பிரிக்கும் முறை பரவியதற்குக் காரணம் ஒரு தானம் பலருக்குப் பயன்படும் என்பது, விபத்து நோயாளிக்கு அது மேல் என்று யாரும் நிரூபித்ததால் இல்லை. இப்போது ராணுவங்களைப் பின்பற்றி, ஆபத்து குறைந்த ‘ஓ’ வகை முழு ரத்தத்தைப் பல நாடுகளின் ஆம்புலன்ஸ்கள் எடுத்துப் போகின்றன. எங்களுக்கு இதில் நடைமுறைச் சிக்கல், பயன்படாத முழு ரத்தப் பை வீணானால் மூன்று பேருக்கு ஆகவேண்டியது சேர்ந்தே வீணாகும்.

12. ஆம்புலன்ஸிலேயே பிளாஸ்மா போட்டா இன்னும் நல்லதுதானே?

தூரத்தைப் பொறுத்தது. 2018-இல் இரண்டு அமெரிக்க ஆய்வுகள் வந்தன. ஹெலிகாப்டரில் வந்தவர்களை வைத்துச் செய்த ‘பாம்ப்பர்’ ஆய்வில் (501 பேர்) 30 நாள் இறப்பு 33.0%-லிருந்து 23.2%-ஆக இறங்கியது. டென்வர் நகருக்குள் நடந்த ‘காம்பட்’ ஆய்வில் பலனே இல்லை. இரண்டின் தரவையும் சேர்த்துப் பார்த்தபோது, பயணம் 20 நிமிடத்துக்கு மேல் போனவர்களுக்கே பிளாஸ்மா உதவியிருந்தது. ஐந்து நிமிடத்தில் மருத்துவமனை என்றால் பையைத் தொங்கவிட நிற்காமல் வண்டியை ஓட்டுவதுதான் சரி.

13. பல ஆயிரம் ரூபாய்க்கு ஃபேக்டர் ஊசி எழுதிக் கொடுத்திருக்காங்க. கடன் வாங்கியாவது வாங்கிடவா?

ஃபேக்டர் என்பது ரத்தம் உறைய உதவும் புரதம். எதற்கு என்று முதலில் கேளுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர், ஹீமோஃபீலியா என்ற பிறவி உறைதல் குறைபாடு உள்ளவர் என்றால் ஃபேக்டர் கட்டாயம் தேவைப்படலாம். மற்றபடி விபத்தில் அடிபட்ட எல்லோருக்கும் என்றால் ஆதாரம் பலவீனம். ஏழாவது ஃபேக்டர் ஊசியை ஈராக் போரில் தாராளமாகப் பயன்படுத்தினார்கள், முறையான ஆய்வில் அது உயிரைக் காக்கவில்லை. பல ஃபேக்டர்கள் அடங்கிய பிசிசி மருந்தை பிரான்சில் 2023-இல் ‘ப்ரோகோவாக்’ ஆய்வில் பார்த்தார்கள். ரத்தத் தேவை குறையவில்லை, வேண்டாத இடத்தில் உறைவது 24%-லிருந்து 35%-ஆனது. பிளாஸ்மாவிலிருந்து பிரிக்கும், ஃபைப்ரினோஜன் நிறைந்த கிரையோவை எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்த ‘க்ரையோஸ்டாட்-2’ ஆய்விலும் (1,604 பேர்) இறப்பு குறையவில்லை. இத்தனைக்கும் முதலில் தீர்வது ஃபைப்ரினோஜன்தான் என்று நானே மேலே எழுதியிருக்கிறேன்! அளந்து பார்த்து, குறைந்தவருக்குக் கொடுப்பது வேறு.

14. நேத்து ரத்தம் உறையலைன்னாங்க, இன்னைக்கு உறையாம இருக்க வயித்துல ஊசி போடறாங்க. யாருக்காவது ஏதாவது புரியுதா?

இரண்டும் சரிதான். 8-ஆவது பதிலில் சொன்ன மாதிரி, கரைக்கும் வேலை சில மணி நேரத்தில் அடங்கிவிடும். அதன் பிறகு கல்லீரல் ஃபைப்ரினோஜனை அள்ளித் தரும், தட்டணுவும் கூடும், ஆள் அசையாமல் படுத்திருப்பார். ஓரிரு நாளில் தராசு மறுபக்கம் சாய்ந்து கால் நரம்பில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போனால் ஆபத்து. கசிவு நின்றது உறுதியானதும் ஹெபரின் வகை ஊசி தொடங்குவது இதற்குத்தான். எலும்பு முறிவுக்காரர்கள் 12,211 பேரிடம் 2023-இல் பார்த்ததில், இறப்பைத் தடுப்பதில் சாதாரண ஆஸ்பிரின் மாத்திரையும் அந்த ஊசிக்குக் குறையவில்லை.

15. மயங்கிக் கிடக்கிறவரை ஆய்வுல எப்படிச் சேர்க்கறாங்க? இது அநியாயம் இல்லையா?

சொந்தக்காரர் இருந்தால் அவரிடம் கேட்பார்கள். இல்லையென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு சேர்த்து, நினைவு வந்ததும் சொல்வார்கள். அமெரிக்காவில் 1996 முதல் இதற்குத் தனி விதி உண்டு, முன்கூட்டியே ஊர் மக்களிடம் அறிவிக்க வேண்டும். இது தவறாகவும் போயிருக்கிறது. ‘பாலிஹீம்’ என்ற செயற்கை ரத்தத்தைச் சோதித்தபோது, வேண்டாம் என்பவர்கள் நீலநிறக் கைவளையம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள்! மருத்துவமனைக்கு வந்து, நிஜ ரத்தம் கைக்கு எட்டிய பிறகும் பலமணி நேரம் அதையே தொடர்ந்ததுதான் பெரிய சர்ச்சை ஆனது, அந்தக் கோபம் சரியானதே. அதே சமயம், ஆய்வே வேண்டாம் என்றால் 13-இல் சொன்ன ஊசிகளை நம்பிக்கையில் போட்டுக்கொண்டே இருந்திருப்போம். அதற்கு யாரும் சம்மதம் கேட்பதில்லை.

16. உயிர் பிழைச்சாச்சுன்னா மருந்து ஜெயிச்சதுன்னுதானே அர்த்தம்?

இந்தத் துறையில் இப்போது நடக்கும் பெரிய வாதமே இதுதான். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜெர்மனியில் 1,310 பேருக்கு ஆம்புலன்ஸிலேயே டிரானெக்ஸாமிக் அமிலத்தைக் கொடுத்துப் பார்த்த ‘பேட்ச்’ ஆய்வு 2023-இல் வந்தது. 28 நாளில் இறந்தவர்கள் மருந்து பெற்றவர்களில் 17.3%, பெறாதவர்களில் 21.8%. ஆனால் அவர்கள் அளக்க முடிவு செய்திருந்தது வேறு: 6 மாதம் கழித்து ஓரளவு தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள்? அது 53.7%, 53.5%. வித்தியாசமே இல்லை. கூடுதலாகப் பிழைத்தவர்கள் பெரும்பாலும் கடுமையான ஊனத்தோடு இருந்தார்கள்.

மருந்து தோற்றது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். ரத்தப்போக்கை நிறுத்தும் மருந்திடம் நசுங்கிய மூளையையும் முதுகுத்தண்டையும் சரிசெய்யச் சொல்வது என்ன நியாயம் என்பது மறு சாரார் வாதம். நான் இரண்டாவது பக்கம். உடனே கொல்வதைத் தடுப்பது இந்த மருந்தின் வேலை, அதற்குப் பிறகான ஆறு மாதத்துக்குப் பிசியோதெரபிஸ்ட்டும் தோள் கொடுக்கும் குடும்பமும் வேண்டும். ஆனால் வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் இதே எண்களைப் படித்துவிட்டு முதல் பக்கம் போனால், அவர்களோடு நான் வாதாடமாட்டேன்.